காலி இருக்கைகள்: பிளாக்பூல் ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே நின்ற நான்கு ஆண்டுகள்

இங்கிலாந்தின் பிளாக்பூல் கால்பந்து கிளப் 2011 முதல் 2016 வரை மூன்று முறை தரமிறங்கியது, அதாவது பட்டியலின் அடியில் முடித்து ஓர் அடுக்கு கீழே தள்ளப்பட்டது. முதல் தரமிறக்கத்தின்போது ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மூன்றாவது வந்தபோது அவர்களில் பெரும்பாலானோர் மைதானத்துக்குப் போவதையே நிறுத்தியிருந்தார்கள். அதே ஊர், அதே சட்டை, அதே தோல்வி. இடையில் என்ன மாறியது, ரசிகர்கள் என்ன செய்தார்கள், அது எப்படி முடிந்தது என்பதுதான் இந்த ஆய்வு. இன்று உயிரோடு இருக்கும் நபர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ரசிகர்கள், உரிமையாளர், தலைவர், பங்குதாரர் என்ற அளவே போதும்.

பின்னணி

பிளாக்பூல் லங்காஷயர் கடற்கரையில் இருக்கும் ஒரு விடுமுறை ஊர். 1894-இல் திறந்த இரும்புக் கோபுரம், கடலுக்குள் நீளும் மூன்று நடைமேடைகள், இலையுதிர் காலத்து விளக்கு அலங்காரம் என்று ஒரு காலத்தில் வடக்கு இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து குவிந்த இடம். மலிவான விமானப் பயணம் வந்த பிறகு அந்தக் கூட்டம் ஸ்பெயினுக்குப் போய்விட்டது. ஊர் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

கால்பந்தும் அப்படித்தான். 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் போல்டனிடம் 3-1 என்று பின்தங்கி இருந்து 4-3 என்று வென்ற அணி இது. ஸ்டான்லி மேத்யூஸ் பக்கவாட்டில் ஓடிப் பந்தை எடுத்துக் கொடுக்க, ஸ்டான் மார்டென்சன் மூன்று கோல் போட்டார். மைதானத்துக்கு வெளியே மார்டென்சனுக்குச் சிலை உண்டு. இந்தச் சிலை பின்னால் வரும், நினைவில் வையுங்கள். 1971-இல், அன்றைய உச்ச அடுக்கான முதல் டிவிஷனிலிருந்து இறங்கியவர்கள் திரும்பி ஏற 39 ஆண்டுகள் ஆயின. 2010 மே 22 அன்று லண்டனின் வெம்ப்லி மைதானத்தில் கார்டிஃபை 3-2 என்று வென்று, இன்றைய உச்ச அடுக்கான பிரீமியர் லீகுக்குள் நுழைந்தார்கள். பிரீமியர் லீகின் மிகச் சிறிய கிளப்புகளில் ஒன்று. மைதானத்தில் சுமார் 16,000 பேர்தான் அமர முடியும். அணியின் நிறம் கமலா ஆரஞ்சு. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

கிளப் ஒரு குடும்பத்தின் கையில் இருந்தது. தந்தை பெரும்பான்மை உரிமையாளர், மகன் தலைவர். 2006-இல் லாட்வியாவைச் சேர்ந்த ஒரு வங்கியாளர் பணம் போட்டு 20 விழுக்காட்டுப் பங்கோடு உள்ளே வந்தார். அவருக்குக் கௌரவப் பதவி இருந்தது, ஆனால் சாவி குடும்பத்திடம்தான்.

முதல் தரமிறக்கம்: தோற்றும் கைதட்டல்

2010-11 சீசனை ரசிகர்கள் இன்றும் சிரித்த முகத்தோடுதான் சொல்வார்கள். முதல் ஆட்டத்தில் விகனை அதன் சொந்த மைதானத்திலேயே 4-0. லிவர்பூலை இரண்டு முறையும் 2-1. அணி 55 கோல் போட்டது, 78 வாங்கியது. தடுப்பாட்டம் என்று ஒன்று இருப்பதே தெரியாதது போல ஆடினார்கள். கடைசி நாளில் மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் ஒரு கட்டத்தில் முன்னிலையில் இருந்துவிட்டு 4-2 என்று தோற்று, 39 புள்ளிகளோடு 19-ஆம் இடத்தில் இறங்கினார்கள். ரசிகர்கள் அழுதார்கள், பாடினார்கள், யாரையும் திட்டவில்லை. முடிந்தவரை முயன்று தோற்றவனிடம் யாருக்குக் கோபம் வரும்?

அப்போது தரமிறங்கிய கிளப்புகளுக்கு நான்கு ஆண்டுகளில் சுமார் 4.8 கோடி பவுண்டு "பாராசூட்" பணம் கிடைத்தது. இவ்வளவு சிறிய கிளப்புக்கு அது தலைமுறைக்கு ஒரு முறை வரும் வாய்ப்பு. பயிற்சி மைதானத்தைச் சீர் செய்யலாம், இளைஞர் அணியைக் கட்டலாம் என்று ரசிகர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு 2010-11 நிதியாண்டின் கணக்கு வெளியானது. அதில் உரிமையாளருடைய ஒரு நிறுவனத்துக்கு 1.1 கோடி பவுண்டு போயிருந்தது. ஸ்கொயர்ஸ் கேட்டில் விமான நிலையத்தை ஒட்டியிருந்த பயிற்சி மைதானம் அப்படியே கிடந்தது.

இருந்தும் அப்போதே யாரும் கிளம்பிவிடவில்லை. 2012 மே மாதம் மறுபடி வெம்ப்லி, பிரீமியர் லீகுக்குத் திரும்புவதற்கான கடைசி ஆட்டம். வெஸ்ட் ஹாமிடம் 2-1 தோல்வி. அன்று வென்றிருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திருக்காது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெற்றி கணக்குப் புத்தகத்தை மறைத்திருக்கும், அவ்வளவுதான்.

கவனித்தவை: 2014 கோடை

புறக்கணிப்பின் விதை விழுந்தது இந்தக் கோடையில் என்பது என் கணிப்பு. அதற்கு முந்தைய சீசனிலேயே அணி இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் 20-ஆம் இடத்துக்குச் சரிந்து, தரமிறங்காமல் தப்பித்திருந்தது. 2014 ஏப்ரலில் பர்ன்லி ஆட்டத்தின்போது ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும் கமலா ஆரஞ்சுகளையும் மைதானத்துக்குள் எறிந்தார்கள். அதை எச்சரிக்கை என்றே சொல்லலாம்.

பெல்ஜியத்திலிருந்து புதிய மேனேஜர் வந்தார். வந்து பார்த்தால் ஒப்பந்தத்தில் இருந்த வீரர்கள் எட்டுப் பேர். சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. ஸ்பெயினில் நடக்க இருந்த பயிற்சிப் பயணம் ஆள் இல்லாததால் ரத்தானது. ஆகஸ்ட் 9 அன்று நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில் முதல் ஆட்டம். அவசர அவசரமாகப் பிடித்த வீரர்களோடு இறங்கினார்கள். மாற்று வீரர்கள் ஏழு பேர் உட்காரலாம், நாலு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். 2-0 தோல்வி. அக்டோபரில் அந்த மேனேஜரை அனுப்பிவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்தார்கள்.

குளிர்காலத்தில் அணியின் சொந்த மைதானமான ப்ளூம்ஃபீல்ட் ரோட்டின் புல் போய் மணலும் சேறுமாகக் கிடந்தது. கடற்கரையை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஊரே கிண்டலடித்தது. 46 ஆட்டங்களில் 4 வெற்றி, 26 புள்ளி, கடைசி இடம். ஏப்ரல் தொடக்கத்திலேயே தரமிறக்கம் உறுதியாகிவிட்டது.

ஆனால் ரசிகர்களைக் கூடுதலாக உலுக்கியது புள்ளிப் பட்டியல் அல்ல என்று நினைக்கிறேன். தங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது வெளிச்சத்துக்கு வந்ததுதான். தலைவர் ஒரு ரசிகரோடு குறுஞ்செய்தியில் மல்லுக்கட்டி, மனவளர்ச்சி குன்றியவர்களை இழிவாகச் சொல்லும் ஒரு வார்த்தையால் அவரைத் திட்டியிருந்தார். 2014 டிசம்பரில் அது பத்திரிகைகளில் வந்தது. கால்பந்துச் சங்கம் பின்னர் அவருக்கு ஆறு வாரத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது. அவரை வெளியேறச் சொல்லி ரசிகர்கள் எழுப்பிய கோஷத்தையே தன் காரின் எண் பலகையில் போட்டுக்கொண்டு திரிந்ததாகவும் செய்திகள் வந்தன. கூடவே, இணையத்தில் எழுதியதற்காகச் சில ரசிகர்கள் மீது குடும்பம் அவதூறு நடவடிக்கை எடுத்தது. ஓய்வு பெற்ற ஒரு முதியவர் மன்னிப்புக் கேட்டு 20,000 பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று. மற்ற ரசிகர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அவருக்கு உதவினார்கள். எதிரணி ரசிகர்கள்கூட அதில் பணம் போட்டார்கள்.

இதை எழுதும்போது பக்கத்து ஊர் நினைவுக்கு வருகிறது. அதே லங்காஷயரில் பிளாக்பர்ன் ரோவர்ஸ். 2010-இல் அதை வாங்கியது புனேயின் வெங்கீஸ், நம் ஊரிலும் கோழிக்குப் பேர்போன அதே நிறுவனம். 2012 மே மாதம் விகனுக்கு எதிரான ஆட்டத்தில் பிளாக்பர்ன் ரசிகர்கள் கிளப் கொடியைப் போர்த்திய ஒரு கோழியை மைதானத்துக்குள் விட்டார்கள். அன்றே அணி தரமிறங்கியது. கோபத்தை எப்படியாவது காட்ட வேண்டும் என்ற தவிப்பு அங்கேயும் இதேதான். ஆனால் கோழியைப் பார்த்து உலகம் சிரித்தது, அடுத்த நாள் மறந்தது. பிளாக்பூல் ரசிகர்கள் போன வழி வேறு.

முதல் முடிவு: உள்ளே புகுந்து நிறுத்துவது

2015 மே 2, சீசனின் கடைசி ஆட்டம், எதிரணி ஹட்டர்ஸ்ஃபீல்ட். "தீர்ப்பு நாள்" என்று பெயர் வைத்து ரசிகர்கள் ஊர்வலம் அறிவித்தார்கள். போராட்டத்துக்கு முன்பாகவே கிளப் மார்டென்சன் சிலையை அப்புறப்படுத்தியது. பாதுகாப்பு என்று காரணம் சொன்னாலும், மறைந்த ஒரு நாயகனின் சிலையை அவருடைய ரசிகர்களிடமிருந்தே பாதுகாக்கிறார்களா என்ற கேள்விதான் ஊரில் எழுந்தது. புகை குண்டுகள் போட்டார்கள். இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில், 48-ஆம் நிமிடத்தில், ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி நடுவட்டத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். ஆட்டம் கைவிடப்பட்டது. 0-0 என்ற கணக்கே நிற்கும் என்று லீக் பிறகு அறிவித்தது.

ஏன் இந்த முடிவு? தொலைக்காட்சியும் பத்திரிகையும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சின்ன ஊரின் சண்டையாகவே இது புதைந்துபோகும் என்பது அவர்கள் எண்ணம். பார்க்கவும் செய்தார்கள். ஆனால் விலை ஒன்று இருந்தது. கால்பந்துச் சங்கம் கிளப்புக்கு 50,000 பவுண்டு அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட மூன்று புள்ளிக் குறைப்பும் விதித்தது. அதாவது மறுபடி இப்படி நடந்தால் அடி விழுவது அணிக்கு, உரிமையாளருக்கு அல்ல. எதிராளியின் கையில் நாமே பிரம்பைக் கொடுத்தது போல.

அதே ஜூலையில் லங்காஸ்டரில் ஒரு நட்பு ஆட்டமும் இப்படியே நின்றது. ஒருவர் மூத்த குடிமக்கள் ஓட்டும் மின் ஸ்கூட்டரோடு மைதானத்துக்குள் வந்துவிட்டார். படம் உலகம் சுற்றியது. வேடிக்கையாக இருந்தது உண்மை. உரிமையாளர் ஒரு அங்குலம் நகரவில்லை என்பதும் உண்மை.

இரண்டாம் முடிவு: ஒரு பென்னி கூட இல்லை

இதற்குப் பிறகுதான் ரசிகர் அமைப்புகள் வேறு கணக்குப் போட்டன. கிளப்பை விலைக்கு வாங்கப் பார்த்தார்கள், முன்மொழிவை உரிமையாளர் ஏற்கவில்லை. ஊர்வலம் போனார்கள், காது கேட்கவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: தங்கள் பணம். "இனி ஒரு பென்னி கூட இல்லை" என்ற பொருளில் ஒரு கோஷம் பிறந்தது. சீசன் டிக்கெட் வாங்குவதில்லை. ஆட்ட நாளில் டிக்கெட் வாங்குவதில்லை. கிளப் கடையில் சட்டை வாங்குவதில்லை. உள்ளே தின்பண்டம் வாங்கித் தின்பதும் பீர் குடிப்பதும் இல்லை. இந்தக் குடும்பம் இருக்கும்வரை இதுதான் விதி.

விதி எளிமையாக இருந்ததுதான் அதன் பலம் என்று படுகிறது. யாருடைய மேடைப் பேச்சும் தேவைப்படவில்லை, ஒரு பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே வரியில் விளங்கியது. இன்னொன்று, அது வீரர்களைத் தண்டிக்கவில்லை. இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் டிக்கெட் வருமானம் எந்தக் கிளப்பின் மைதானத்தில் ஆட்டம் நடக்கிறதோ அதற்கே போகும். அதனால் வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் குடும்பத்தின் பைக்குப் பணம் போவது மிகக் குறைவு. பலர் சனிக்கிழமைகளில் சொந்த ஊர் மைதானத்தைத் தாண்டி, நூறு மைல் பயணம் செய்து அணியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அணி மீது கோபம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

2015-16 சீசன் மூன்றாம் அடுக்கான "லீக் ஒன்று" போட்டியில். கடைசி நாளில் பீட்டர்பரோவில் 5-1 தோல்வி, 46 புள்ளி, 22-ஆம் இடம், மறுபடியும் தரமிறக்கம். பிரீமியர் லீகில் ஆடி ஐந்தே ஆண்டுகளில் நான்காம் அடுக்குக்கு வந்துவிட்டார்கள்.

காலி இருக்கைகளின் காலம்

2016-17-இல் சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டங்களுக்குச் சராசரியாக மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் வந்தார்கள். பிரீமியர் லீக் காலத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல். வெறும் பிளாஸ்டிக் இருக்கைகள் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்க, வீரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது தொலைக்காட்சியில் தெளிவாகக் கேட்டது.

விந்தை என்னவென்றால் அந்த ஆண்டு அணி நன்றாக ஆடியது. யார் மேலே ஏறுவது என்பதைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் அரையிறுதியில் லூட்டனைச் சொந்த மைதானத்தில் 3-2 என்று வென்றார்கள், பார்க்க நாலாயிரம் பேர் கூட இல்லை. மே 28 அன்று வெம்ப்லியில் எக்ஸிட்டரை 2-1 என்று வென்று லீக் ஒன்றுக்கு ஏறினார்கள். 2010-இல் அதே வெம்ப்லியில் 82,000-க்கும் மேற்பட்டோர் கூடிய ஆட்டத்தில் பாதி ஊர் வந்து நின்றது. இந்த முறை பிளாக்பூல் பக்கம் பெரும் பகுதி காலி.

இந்த ஆய்வில் எனக்குக் கடினமான இடம் இதுதான். தரமிறக்கத்தின்போது போகாமல் இருப்பது எளிது. சும்மாவே மனம் வராது. மேல் அடுக்குக்கு ஏறும் அணியைப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு வேறு ஒரு உறுதி வேண்டும். சிலருக்கு அந்த உறுதி இருந்தது. சிலர் "இது என் அணி, எவனோ ஒருவனுக்காக நான் ஏன் இழக்க வேண்டும்" என்று உள்ளே போனார்கள். இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது. ஆனால் வெளியே நின்றவர்களில் சிலர் உள்ளே போனவர்களைத் துரோகிகள் என்றார்கள், உள்ளே போனவர்களில் சிலர் வெளியே நின்றவர்களைப் போலி ரசிகர்கள் என்றார்கள். ஒரே வீட்டில் அப்பா வெளியே, மகன் உள்ளே என்ற நிலைகூட இருந்தது. ஏழு எட்டு வயதில் மைதானத்துக்கு அழைத்துப்போக வேண்டிய குழந்தைகள் பன்னிரண்டு வயதாகிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமைகள் திரும்ப வராது.

தீர்ப்பு

உண்மையில் கதவை உடைத்தது நீதிமன்றம். லாட்வியப் பங்குதாரர் தொடுத்த வழக்கில் 2017 நவம்பர் 6 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிளப்பின் பணத்தை முறையற்ற வகையில் உரிமையாளர் தரப்பு உருவிக்கொண்டது என்றும், பங்குதாரருடைய பங்குகளை 3.127 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நீதிபதி சொன்னார். ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கத்தியதை ஒரு நீதிபதி சட்ட மொழியில் எழுதிக் கொடுத்தது போல இருந்தது. அவதூறு வழக்கில் காசு கட்டியவர்களுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்!

சில நாட்களில் கிளப் விற்பனைக்கு என்று அறிவிப்பு வந்தது. 2018 தொடக்கத்தில் தந்தை மகனைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கி மகளை அமர்த்தினார். பங்குதாரருக்குப் பணம் முழுமையாக வரவில்லை, கிளப்பும் விற்கவில்லை. 2018 ஆகஸ்டில் முதல் லீக் ஆட்டம் முடிந்ததுமே மேனேஜர் ராஜினாமா செய்தார். இழுபறி ஒரு ஆண்டுக்கும் மேல் நீண்டது.

புறக்கணிப்பு தளரவில்லை. 2019 ஜனவரி 5, எஃப்.ஏ. கோப்பையில் ஆர்சனல் ப்ளூம்ஃபீல்ட் ரோடுக்கு வந்தது. பெரிய அணி, நல்ல வசூல், யாருக்கும் ஆசை வரும். அன்றும் பலர் உள்ளே போகவில்லை. ஒருவர் ஆர்சனல் வீரர்கள் ஏற வேண்டிய பேருந்தின் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான்கு ஆண்டுக்கு முன் மைதானத்தை மறித்தவர்கள் இப்போது எதிரணிப் பேருந்தை மறித்தார்கள். ஆட்டம் நடந்தது, 3-0 தோல்வி, ஆனால் மறுநாள் பேச்சு கோல்களைப் பற்றி இல்லை.

2019 பிப்ரவரி 13 அன்று, பாக்கித் தொகையை மீட்பதற்காக நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமித்தது. மாத முடிவுக்குள் உரிமையாளரும் மகளும் கிளப்பின் இயக்குநர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். 32 ஆண்டு கால ஆட்சி முடிந்தது.

திரும்பிய நாள்

ரசிகர் அமைப்பு புறக்கணிப்பு முடிந்தது என்று அறிவித்தது. மார்ச் 9, எதிரணி சவுத்தெண்ட். லீக் ஒன்றின் ஒரு சாதாரண சனிக்கிழமை ஆட்டத்துக்கு 15,871 பேர் வந்தார்கள். வாரக்கணக்கில் மூவாயிரம் பேரைப் பார்த்துப் பழகிய வாயில்கள் திணறின. வருடக்கணக்கில் ஒருவரை ஒருவர் பார்க்காத பக்கத்து இருக்கைக்காரர்கள் கட்டிக்கொண்டார்கள், சிலருடைய பக்கத்து இருக்கைக்காரர் உயிரோடு இல்லை. பிளாக்பூல் பின்தங்கியிருந்து கடைசி நேரத்தில் சமன் செய்தது. 2-2. அந்தக் கோலுக்கு மைதானத்துக்குள் ஓடியவர்களை யாரும் பெரிதாகத் திட்டியதாக நினைவில்லை.

இன்னொரு பயமும் இருந்தது. நிதிப் பொறுப்பாளர் நியமிக்கப்பட்டால் 12 புள்ளி குறைக்கும் விதி லீகில் உண்டு. சூழலைப் பார்த்து லீக் அதைச் செயல்படுத்தவில்லை. ஜூன் மாதம், பிளாக்பூலிலேயே பிறந்து ஹாங்காங்கில் முதலீட்டுத் தொழில் செய்த ஒருவர் 96.2 விழுக்காட்டுப் பங்கை வாங்கினார். அவரும் சிறுவயதிலிருந்து இந்த அணியின் ரசிகர். 2021 மே 30 அன்று லிங்கனை 2-1 என்று வென்று அணி சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பியது.

புறக்கணிப்பு வென்றதா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். உரிமையாளரை அகற்றியது ரசிகர்கள் அல்ல, பங்குதாரரின் வழக்கு. அவர் இல்லையென்றால் இன்றும் காலி இருக்கைகள்தான் இருந்திருக்குமோ, என்னவோ. சில்லறை டிக்கெட் வருமானம் குறைவதால் மட்டும் ஒரு பணக்காரக் குடும்பம் பணிந்துவிடாது, நான்கு ஆண்டுகள் பணியவில்லை.

அதற்காகப் புறக்கணிப்பு வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஒன்று, கிளப்பை வைத்திருப்பதால் உரிமையாளருக்குக் கிடைக்கும் பணமும் மரியாதையும் குறைந்தன. தீர்ப்புக்குப் பிறகு, வைத்துக்கொண்டு இழுத்தடிப்பது லாபமில்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு, கூட்டம் காத்திருக்கிறது என்று வாங்க வருகிறவருக்குத் தெரிந்திருந்தது. மார்ச் 9 அன்று அதற்குக் கண்கூடான சான்றே கிடைத்தது. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. வெளியே நின்றவர்கள் தங்கள் கோபத்தை ஓர் ஒழுங்குக்குள் வைத்திருந்தார்கள். அது சிதறியிருந்தால் பலர் வேறு அணிக்கோ வேறு பழக்கத்துக்கோ போயிருப்பார்கள், திரும்பி வந்திருக்க மாட்டார்கள்.

மறுபடி நடந்தால் மாற்ற வேண்டியவை

முதலில் வாய். உரிமையாளரைப் பற்றிக் கோபத்தில் இணையத்தில் எழுதியவர்கள் சொன்னதில் சில பின்னால் நீதிமன்றத்தில் உண்மையாகவே நின்றன. ஆனால் எழுதியபோது கையில் ஆதாரம் இல்லை. கிளப்பின் ஆண்டுக் கணக்குகள் யாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணங்கள். அதை எடுத்து எண்ணைச் சொல்லியிருந்தால் யாரும் எளிதில் வழக்குப் போட்டிருக்க முடியாது. தொடக்கத்திலேயே ஒரு வழக்கறிஞரையும் ஒரு கணக்காளரையும் அமைப்புக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும்.

அடுத்து மைதானத்துக்குள் இறங்குவது. ஒரு முறை செய்தார்கள், கவனம் கிடைத்தது, சரி. ஆனால் புள்ளி வெட்டு என்ற கத்தி அணியின் தலைக்கு மேல் தொங்கியது. உரிமையாளருக்கு வலிக்க வேண்டிய அடி வீரர்களுக்கு வலிக்கும் என்றால் அந்த வழியை விட வேண்டும்.

உள்ளே போனவர்களை ஏசியது என் பார்வையில் பெரிய தவறு. அவர்களில் பலர் எழுபது வயதைத் தாண்டியவர்கள், அவர்களுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. திரும்பிய நாளில் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்பதை 2015-லேயே யோசித்திருந்தால் வார்த்தைகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ரசிகர்களால் மட்டும் மாற்ற முடியாத ஒன்றும் இருக்கிறது. அன்று லீகின் விதிகள் உரிமையாளர் கிளப்பின் பணத்தை என்ன செய்கிறார் என்பதை ஏறக்குறையக் கேட்கவே இல்லை. பங்குதாரர் ஒருவர் வழக்குப் போட்டால்தான் வெளியே வரும் என்ற நிலை. பிளாக்பூல் போன்ற கிளப்புகளின் கதைகள் சேர்ந்துதான் பிரிட்டன் நாடாளுமன்றம் 2025-இல் கால்பந்து நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றிச் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியது. ரசிகர்களைக் கலந்தாலோசிப்பதை அந்தச் சட்டம் கிளப்புகளின் கடமையாக்குகிறது. அது நடைமுறையில் எப்படி வேலை செய்யும் என்பதை ஒரு தரமிறக்கத்தின்போதுதான் பார்க்க முடியும்.

அதன் பிறகு

2023-இல் பிளாக்பூல் மறுபடி தரமிறங்கியது. சாம்பியன்ஷிப்பில் 44 புள்ளி, 23-ஆம் இடம். சீசன் நடுவில் மேனேஜரை மாற்றியும் பலனில்லை. ரசிகர்கள் திட்டினார்கள். மேனேஜர் தேர்வைத் திட்டினார்கள், வீரர் தேர்வைத் திட்டினார்கள், புதிய உரிமையாளரையும் விடவில்லை. பிறகு ஆகஸ்ட் வந்ததும் சீசன் டிக்கெட்டோடு உள்ளே போய் உட்கார்ந்து அங்கிருந்தே திட்டினார்கள்.